நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்பது வீண் நம்பிக்கை

பத்தாங் காலி, உலு யாம், கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வீட்டுக்குப் பின்னால் பத்து இருபது கோழி வளர்ப்போரிடம் வேரூன்றிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு: நாட்டுக்கோழிக்கு நோய் அண்டாது, தடுப்பு மருந்தெல்லாம் பண்ணைக் கோழிக்குத்தான், மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தாலே போதும். ஒரே வாரத்தில் கொட்டில் காலியான பிறகும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. இது முழுத் தவறு.

கோழிகளைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக்கழிச்சல். மலாயில் இது சம்பார். கால்நடை மருத்துவ நூல்களில் நியூகாசில் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய் இது. கோழி முதலில் இரை எடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும். பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகித் தலை முதுகுப் பக்கம் சாய்ந்துவிடும். அரிசியைக் கொத்தப் போனால் குறி தவறும். கடுமையான வகை புகுந்தால், தடுப்பு மருந்து பெறாத கொட்டிலில் நூற்றுக்குத் தொண்ணூறு கோழிகள்கூடச் சாகும். வந்தபின் குணமாக்கும் மருந்து கிடையாது. மஞ்சளும் வெங்காயமும் இந்த வைரஸைத் தடுப்பதில்லை.

நம்பிக்கை நிலைத்திருப்பதற்குக் காரணம் நோயின் போக்குதான். அது அலை அலையாக வரும். ஓர் அலையில் தப்பிய கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். அவை சில மாதம் நன்றாக இருக்கும். அந்தப் பெருமை மஞ்சளுக்குப் போய்விடுகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத புதுக் குஞ்சுகள் பெருகியதும், பாசாரில் வாங்கிவந்த ஒரே ஒரு சேவல் போதும், லயம் முழுவதும் நோய் பரவ.

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று வாதிடுவோர் செர்டாங்கில் நடந்த வேலையை அறிய வேண்டும். அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் 1980-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெள்ளைக்கழிச்சலுக்கான, வெப்பத்தைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைக் கம்பத்து நாட்டுக்கோழிகளை மனத்தில் வைத்தே உருவாக்கியது. கோழியைப் பிடிக்காமல் தீவனத்தோடு கொடுக்கும் முறையும் அங்கே சோதிக்கப்பட்டது. பறவைக் காய்ச்சலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது: 2006-இல் கோம்பாக்கிலும் 2007-இல் சுங்கை பூலோவிலும் அது கண்டறியப்பட்டது கம்பத்துக் கோழிகளிடம். அந்தக் காய்ச்சலை வெள்ளைக்கழிச்சல் மருந்து தடுக்காது. ஆகவே கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் அவசரமாக அறுப்பதும் விற்பதும் பெருந்தவறு. உடனே கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து என்றால் ஊசிதான் என்பதில்லை. கோழியை அணைத்துப் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை காத்திருந்தால் வேலை முடிந்தது. பொதுவாக ஒரு வார வயதில் முதல் சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் அடுத்தது, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சாதாரண மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்; வெயில் படக்கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் மருந்து கெடும்.

மற்ற நம்பிக்கைகளும் இதே தரம்தான். கோழி இருந்தால் பாம்பு வராது என்பார்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வரும்; எலிக்கும் முட்டைக்கும் பாம்பு வரும். மலைப்பாம்பு கோழியையே விழுங்கும். முசாங்கும் உடும்பும் வேறு. அகலக் கண் கம்பிவலை பயனற்றது. அரை அங்குலக் கண் வலை, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்ந்த தளம், பொழுது சாய்ந்ததும் தாழிட்ட கதவு, இவையே காவல்.

குருணை அரிசி மட்டும் போதும் என்பதும் தவறு. அரிசியில் புரதம் எட்டு விழுக்காட்டளவே. முட்டையிடும் கோழிக்குப் பதினாறு வேண்டும், சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்த தீவனம் ஈரலைக் கெடுக்கும். அதைக் கொட்டிவிட வேண்டும். சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்பதும் பொய். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

பத்துக் கோழிக்கு மருந்து வாங்க மனம் வராதது ஓரளவு நியாயமே. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது, கரைத்தால் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. அதற்கும் வழி உண்டு. ஒரு லயத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளைக் குறித்து, பணம் போட்டு ஒரு குப்பி வாங்கி, எல்லாக் கோழிகளுக்கும் அன்றே சொட்டு விட்டால் ஒரு கோழிக்கான செலவு சில காசுகளில் அடங்கும். ஒரு வீடு மட்டும் கொடுத்து மற்ற வீடுகள் விட்டுவிட்டால் வைரஸ் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த நாளாகட்டும். மஞ்சளும் வெங்காயமும் குழம்புக்கு இருக்கட்டும்.