அதலைக்கு விதையைவிடக் கிழங்கே நம்பிக்கை

கேள்வி: எங்கள் மானாவாரிக் காட்டில் மழைக்குப் பிறகு அதலைக்காய்க் கொடி தானாகவே படரும். இப்போது கண்ணில் படுவதே அரிது. சந்தையில் வாங்கி வைத்த காய் இரண்டு நாளில் வெடித்துவிட்டது. அந்த விதையைத் தோட்டத்தில் ஊன்றினேன், முளைக்கவில்லை. எப்படி வளர்ப்பது? மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: விதை முளைக்காததற்கு நீங்கள் காரணமில்லை. அதலை விதையின் மேல்தோல் மிகக் கெட்டி. பாகல் விதைபோல ஊன்றியதும் முளைத்துவிடாது. இந்தச் செடி உயிரைக் காப்பாற்றி வைத்திருப்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான். கோடையில் கொடி காய்ந்து போகும், கிழங்கு உறங்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். உழவின்போது மேலே வரும் கிழங்கைத் தெரிந்த விவசாயியிடம் கேட்டு வாங்கி, மழைக்கு முன் ஊன்றுங்கள். கரிசல் மண் இருந்தால் நல்லது. தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

காடுகளில் இது குறைந்ததற்கும் அந்தக் கிழங்கிலேயே விடை இருக்கிறது. பருத்தி, சோளம், உளுந்துக்கு நடுவே தானாக வரும் கொடி இது. களைக்கொல்லி அடித்தால் கொடி கருகுகிறது. கொடி கருகினால் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு பெருக்காது. உங்கள் காட்டின் வரப்போரத்தையாவது மருந்தடிக்காமல் விட்டுவையுங்கள். ஆள் வைத்துப் பயிரிடும் காய்கறிக்குச் சற்றும் குறையாத சத்துள்ள காயைக் களையென்று அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாகலின் நெருங்கிய உறவான இதில் கால்சியமும் வைட்டமின் சியும் நிறைய உண்டு. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூட விரும்பிச் சமைக்கிறார்கள்.

பறித்தபின்னும் காய் வேகமாக முற்றி வெடிக்கும். எனவே பச்சைப்பசேலென்று, விதை இளசாக இருப்பதைப் பார்த்து வாங்கி அன்றே சமைத்துவிடுங்கள். காம்பையும் நுனியையும் கிள்ளினால் போதும். தோல் சீவவோ விதை எடுக்கவோ வேண்டாம். கசப்புக்குப் பயந்து வேகவைத்து நீரை வடித்தால் வைட்டமின் சியும் அதோடு போய்விடும். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து, சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டு, காயை முழுசாகவே சிறு தீயில் சுருள வதக்குங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் கடைசியில். இறக்கும்போது வறுத்த நிலக்கடலைப் பொடி தூவினால் குழந்தைகளும் தொடுவார்கள். புளிக்குழம்பில் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். கம்பஞ்சோற்றுக்கு அதைப்போலத் துணை வேறில்லை. நிறையக் கிடைத்தால் உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து வற்றல் போடலாம்.

மாமியாருக்கு உணவாகக் கொடுங்கள், மருந்தாக வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. அடிக்கடி சமைப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடக் கூடும். கர்ப்பிணிகள் இந்தக் காயைத் தவிர்க்க வேண்டும். கிழங்கைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திய வழக்கம் உண்டு. அதனால் நடுவதற்குத் தவிர வேறெதற்கும் கிழங்கைத் தொடாதீர்கள். அரைத்துக் குடிக்கச் சொல்லும் கைவைத்தியம் எதையும் கேட்காதீர்கள்.