சிறிய மருத்துவமனையில் சர்ஜன் ஆக முடியுமா?

கேள்வி: ஐயா, விளாத்திகுளம் தாலுகா புதூர்தான் என் ஊர். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டேன். நீட் பி.ஜி. ரேங்க்குக்கு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி கிடைக்காது. 200 படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியப் பட்டம்) இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. "அங்கே கேஸ் வராது, கை பழகாது" என்கிறார்கள் சீனியர்கள். படித்துவிட்டுக் கோவில்பட்டிப் பக்கமே வந்து வேலை பார்க்க ஆசை. சேரலாமா, இன்னொரு முறை தேர்வு எழுதட்டுமா?
– ஒரு வாசகி, புதூர்

பதில்: சேரலாம் அம்மா. ஆனால் அதற்கு முன் அந்த மருத்துவமனையை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பட்டத்தைப் பற்றிய பயம் வேண்டாம். டி.என்.பி.யும் எம்.எஸ். போல 3 ஆண்டுப் படிப்புதான். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இரண்டையும் இணையாகவே வைக்கிறது. கல்லூரி இணைப்பு இல்லாத, 500 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில் படித்தவர்கள், ஆசிரியர் பணிக்குப் போக விரும்பினால் மட்டும் மருத்துவக் கல்லூரியில் கூடுதலாக 1 ஆண்டு சீனியர் ரெசிடென்டாக இருக்க வேண்டும்.

கை பழகுவது படுக்கை எண்ணிக்கையால் அல்ல, மேசைக்கு எதிர்ப்புறம் நின்று கற்றுக்கொடுக்கும் சர்ஜனால். பெரிய கல்லூரியில் ஒரு ஹெர்னியாவுக்குப் பல பி.ஜி.க்கள் காத்திருப்பார்கள். சிறிய இடத்தில் சீஃபும் நீங்களும்தான். ஓ.பி.யில் பார்த்தவரை நீங்களே தியேட்டருக்குக் கொண்டுபோய், நீங்களே டிரெஸ்ஸிங் செய்து, மறுபரிசோதனையிலும் பார்ப்பீர்கள். சீமைக்கருவேல முள் குத்திச் சீழ்பிடித்த கால், சர்க்கரை நோயில் அழுகும் பாதம், வெடித்த குடல்வால், தீப்பெட்டி ஆலைத் தீக்காயம்: நம் கரிசல் காட்டில் உங்களைத் தேடி வரப்போகிறவர்கள் இவர்கள்தான். கல்லூரியில் எம்.எஸ். படிப்பவர்களைக்கூட 3 மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் விதி இப்போது இருக்கிறது.

குறைகளும் உண்டு. பெரிய புற்றுநோய் அறுவைகள், கடும் விபத்துக் காயங்கள், முழுநேர நோய்க்கூறியல் துறை ஆகியவை அங்கே குறைவாக இருக்கலாம். எனவே நான்கு விஷயங்களை விசாரியுங்கள். தியேட்டர் பதிவேட்டில் மாதம் எத்தனை பெரிய அறுவைகள், அவற்றில் இரவு அவசரம் எத்தனை? இப்போது படிப்பவர்களின் லாக் புக்கில் அவர்களே செய்தவை எவ்வளவு? மயக்க மருத்துவரும் ரத்தமும் நள்ளிரவில் கிடைக்குமா? இல்லாத துறைகளுக்குப் பெரிய மருத்துவமனையில் போஸ்டிங் உண்டா? வெளியூர் சர்ஜன் வந்து வெட்டிவிட்டுப் போகும் இடமாக இருந்தால் சேராதீர்கள். இன்னொரு முறை எழுதுவதே மேல்.

சேர்ந்தபின் மகப்பேறு, எலும்பு முறிவுப் பிரிவுகளிலும் போஸ்டிங் கேட்டு வாங்குங்கள். அவசர வயிற்று அறுவை, சிசேரியன், திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை, இம்மூன்றும் 2 மணி நேரத் தொலைவுக்குள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வலியுறுத்தியது. புதூர் போன்ற ஊருக்கு அந்தத் தொலைவு உயிர்ப் பிரச்சினை.

வெட்டக் கற்பதோடு, வெட்டாமல் அனுப்பவும் கற்றுக்கொள்ளுங்கள். குடல் ஓட்டையோடு நள்ளிரவில் வருபவரை இங்கேயே திறப்பதா, டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், மூக்கு வழிக் குழாய் போட்டு நிலைநிறுத்தி மதுரைக்கோ நெல்லைக்கோ ஏற்றுவதா? கூப்பிட வேறு துறை இல்லாத சிறிய மருத்துவமனையில் இந்த முடிவை நீங்கள் அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும். கரிசல் மக்களுக்கு அப்படி முடிவெடுக்கத் தெரிந்த சர்ஜன்தான் தேவை.