தன் கையால் முடிப்பது

அன்புள்ள தங்கைக்கு,

பல ஆண்டுகளாகத் தனி ஆளாக நடத்திவரும் சிற்றிதழை நிறுத்திவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் தண்ணீர் ஊற்றப்போகிறவளைப் போலத் தயங்குகிறாய் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நிறுத்துவதா வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் நிறுத்துவதென்று தீர்மானித்துவிட்டால், அதைத் தானாக நின்றுபோக விட்டுவிடாதே. நாள் குறித்து, காரணம் சொல்லி, நீயே முடித்துவை. ஒருவரே நெடுங்காலம் எழுதிவந்த எதற்கும், அதன் முடிவையும் அவரே எழுதுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் சொல்வதற்குப் போதிய சான்றுகள் இருக்கின்றன.

முதலில் இரண்டு நாட்குறிப்புகளை எடுத்துக்கொள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் 1660 ஜனவரி 1 அன்று சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1665இன் கொள்ளைநோயும் 1666இன் பெருந்தீயும் அதில் நாள்வாரியாக இருக்கின்றன. 1669 மே 31 அன்று, தம் 36ஆம் வயதில், கண்பார்வை போய்விடும் என்ற அச்சத்தால் அதை முடித்தார். எப்படி முடித்தார் என்பதுதான் நீ கவனிக்க வேண்டியது. இனி உதவியாளர்களைக் கொண்டுதான் எழுதவேண்டியிருக்கும், அப்படியானால் அவர்களும் உலகமும் அறியத்தக்கதை மட்டுமே பதிய முடியும் என்று கடைசிப் பதிவில் காரணத்தை எழுதிவைத்தார். பிறகு வாழ்ந்த 34 ஆண்டுகளும் நாட்குறிப்பின் ஆறு தொகுதிகளையும் தம் நூலகத்தில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த நூலகம் அவர் விருப்பப்படியே கேம்பிரிட்ஜின் மாக்டலின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுருக்கெழுத்தைப் படித்தெடுத்து 1825இல் அச்சிட்டபோது தொகுதிகள் முழுமையாகக் கிடைத்தன. நம் பக்கத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பீப்ஸைவிட மிக நீண்ட காலம். வரலாற்றுப் பயனிலும் குறைந்ததல்ல. அவருடைய எழுத்தை முடித்துவைத்தது 1761 ஜனவரியில் நேர்ந்த மரணம். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அந்த ஏடுகள் வெளியுலகின் கண்ணில் பட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904இல் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தும், சில காலப்பகுதிகள் இன்றுவரை விடுபட்டே இருக்கின்றன. போரும் ஊர் அழிவும் இதற்குக் காரணம் என்று நீ சொல்லலாம். அது உண்மைதான். பிள்ளைக்குக் கிடைக்காத அவகாசம் பீப்ஸுக்குக் கிடைத்தது. அந்த அவகாசம் உனக்கும் இருக்கிறது என்பதற்காகத்தான் இருவரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாசகர் இருக்கும்போது நிறுத்துவது துரோகமில்லையா என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்க இதழாளர் ஐ.எஃப். ஸ்டோனைப் பார். 1953இல் தம் பெயரிலேயே ஒரு நான்கு பக்க வார இதழைத் தொடங்கினார். விளம்பரம் கிடையாது, அலுவலக வேலையை மனைவி எஸ்தர் பார்த்துக்கொண்டார். சுமார் 5,300 சந்தாதாரர்களோடு தொடங்கியது 1971 இறுதியில் ஏறக்குறைய 70,000 பேரை எட்டியிருந்தது. அந்த உச்சத்தில்தான் அவர் நிறுத்தினார். இதயநோய் வந்திருந்தது, வார இதழ் ஏற்கெனவே இருவார இதழாகச் சுருங்கியிருந்தது. அரசு ஆவணங்களை வரிவரியாகப் படித்து அவற்றுக்குள் இருக்கும் முரண்பாடுகளை எடுத்துக்காட்டுவதே அந்த இதழின் உயிர். அந்த உழைப்பைத் தர முடியாத உடம்போடு பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தால், அதைத்தான் நான் துரோகம் என்பேன். நிறுத்திய பிறகு அவர் பண்டைய கிரேக்கம் கற்றார். சாக்ரட்டீஸின் விசாரணையைப் பற்றிய நூலை 1988இல் வெளியிட்டார். இதழ் தொடர்ந்திருந்தால் அந்த நூலுக்கு நேரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாமே என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. காந்தியின் ‘ஹரிஜன்’ அவருக்குப் பின் கிஷோர்லால் மஷ்ருவாலாவின் ஆசிரியப் பொறுப்பிலும், அவருக்குப் பிறகு மகன்பாய் தேசாயின் பொறுப்பிலும் 1956 வரை வந்தது. அது ஓர் இயக்கத்தின் இதழ். கொள்கையை இன்னொருவர் ஏந்திச் செல்லலாம். உன்னுடையது அப்படியில்லை. உன் படிப்பு, உன் சண்டைகள், உன் ஊர் மழை, நீ பார்த்த கூத்து, இவைதான் அதன் உள்ளடக்கம். உதவியாளர் கையில் பேனா போனால் உலகம் அறியத்தக்கதை மட்டுமே பதிய முடியும் என்று பீப்ஸ் எழுதியதும் இதனால்தான்.

சொல்லாமல் விலகிவிடுவதே அடக்கம், விடைபெறும் கட்டுரை எழுதுவது தன்னைப் பெரிதாக நினைப்பது என்றும் எழுதியிருக்கிறாய். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தா கட்டியவர் அடுத்த இதழ் வருமா என்று மாதக்கணக்கில் காத்திருக்கும்படி விடுவதில் என்ன அடக்கம் இருக்கிறது? ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ‘ராம்ப்ளர்’ இதழை 1750 மார்ச் முதல் 1752 மார்ச் வரை வாரம் இருமுறை, ஏறக்குறைய தனியாகவே எழுதினார். 208 இதழ்கள். ஒவ்வொன்றும் 500 பிரதிக்கும் குறைவாகவே விற்றது. கடைசி இதழில், தாம் பொதுமக்களின் அபிமானத்தைப் பெற்றவரில்லை என்று வாசகர்மேல் பழி போடாமல் ஒப்புக்கொண்டார். குறித்த நாளில் எழுதியே தீரவேண்டியவன் சிதறிய கவனத்தோடும் நோயுற்ற உடம்போடும் உட்கார நேர்வதையும் சொன்னார். அதில் பெருமைப் பேச்சு இல்லை. கணக்கு ஒப்படைப்பு இருக்கிறது. அந்தக் கட்டுரைகளைத் திருத்தித் தொகுதிகளாக வெளியிட்டபோதுதான் பெருவாரியான வாசகர்கள் வந்தார்கள். இதழ் நின்ற பிறகும் அதன் மதிப்பு நிலைப்பதைத் தமிழிலும் பார்க்கலாம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ 1970இல் 119 இதழ்களோடு நின்றது. பணக் கஷ்டம் அதன் கூடவே வந்தது. புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்துபோய் விற்றவர் அவர். புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அது தந்த இடத்தை இன்று யாரும் ‘நின்றுபோன இதழ்தானே’ என்று தள்ளுவதில்லை. இலக்கிய வரலாறு அந்த 119 இதழ்களைத்தான் எடைபோடுகிறது.

பின்னால் வருந்த நேர்ந்தால்? நேரலாம். பீப்ஸின் பார்வை போகவே இல்லை. அவர் தொடர்ந்திருந்தால் இங்கிலாந்தின் 1688 ஆட்சி மாற்றத்தை அவர் கண்ணால் பார்த்திருப்போம். அந்த இழப்பு உண்மையானது. ஆனாலும் அவர் எழுத்தை அடியோடு விடவில்லை. 1683இல் வட ஆப்பிரிக்காவின் டாஞ்சியருக்குப் போனபோது தனியாக ஒரு குறிப்பு எழுதினார். ஒரு தொடரை முடித்தவர் இன்னொன்றைத் தொடங்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. முடிக்காத தொடரை மனத்தில் சுமந்துகொண்டு புதியதைத் தொடங்குவதுதான் கடினம்.

ஆகவே நிறுத்துவதானால் கடைசி இதழுக்கு முந்தைய இதழிலேயே அறிவித்துவிடு. மீதிச் சந்தாவைத் திருப்பிக் கொடு. காரணம் பணமானால் பணம் என்று எழுது. சலிப்பானால் சலிப்பு என்று எழுது. எல்லா இதழ்களையும் வரிசைப்படுத்தி, யார் எதில் எழுதினார்கள் என்ற அட்டவணையோடு பைண்டு செய். ஒரு முழுத் தொகுப்பைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் இன்னொன்றைப் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கும் கொடுக்க முடியுமா என்று இப்போதே கேட்டு எழுது. பழைய இதழ்கள் உன் வீட்டுப் பரணில் மட்டும் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்