டீசல் தீர்ந்த பிறகு செல்ஃப் அடிக்கலாமா?

டீசல் கார் நடுவழியில் காலியாகி நின்றால், சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஏர் புடிச்சிருக்கு, எடுத்துட்டா போயிரும்" என்று ஸ்பானர் கேட்பார் ஒருவர். "போச்சு, பம்ப், நாஸில் எல்லாம் மாத்தணும், லட்சத்துல வரும்" என்று கையை விரிப்பார் இன்னொருவர். இருவருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இதில் உங்கள் கார் எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் அடுத்த பத்து நிமிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

"லாரியில எத்தனை தடவை பாத்திருக்கேன், ஒண்ணும் ஆகாது"

லாரி ஓட்டிப் பழகியவர் பொய் சொல்லவில்லை. அவர் கைப்பழக்கம் மைக்கோ பம்பில் வந்தது. 1951-இல் தொடங்கி, இன்று பாஷ் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் செய்த பம்ப் அது. நம் லாரிகளையும் பஸ்களையும் பல்லாண்டுகள் ஓடவைத்தது. அந்தப் பழைய இன்லைன் பம்பின் கேம்ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் தனியாக உண்டு. டீசல் வராவிட்டாலும் அது உலர்ந்துபோகாது. நாஸில் திறக்கத் தேவைப்பட்ட அழுத்தமும் சுமார் 200 பார்தான். ஃபில்டர் பக்கத்துக் கைப்பம்பை நுரை நின்று டீசல் வரும்வரை அடித்து, நாஸில் பைப்பைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால் வண்டி கிளம்பிவிடும்.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) முறை இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. இன்றைய டீசல் கார்களில் ரெயில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகிறது. உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு அழுத்தம் தரும் பம்புக்குள் உராயும் பாகங்களுக்கு இடையே மைக்ரான் கணக்கில்தான் இடைவெளி. கார்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் எண்ணெயாக வேலை செய்வதும் அதே டீசல்தான். டீசல் இல்லாமல் சுற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசும். தேய்ந்த துகள் பம்போடு நிற்காது. ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கும் திரும்பும். அப்படி ஆகிவிட்டால் மொத்த எரிபொருள் பாதையையும் மாற்றச் சொல்வார்கள். லட்சம் ரூபாய்க் கதை பிறந்தது இங்கேதான்.

"ஒரு தடவை காலியானாலே பம்ப் காலி"

இதை நம்பிப் பதறுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த பம்பைச் சுற்றுவதே என்ஜின்தான். காற்று புகுந்ததும் ரெயிலில் அழுத்தம் விழும், இன்ஜெக்டர் பீய்ச்சாது, என்ஜின் நிற்கும், கூடவே பம்பும் நிற்கும். உலர்ந்து சுற்றிய நேரம் மிகக் குறைவு. சில கார்களில் டேங்க் முழுதும் வற்றுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் என்ஜினை அணைத்துவிடும், பம்பைக் காப்பதற்காக. ஆகவே ஒருமுறை நின்றுபோன கார் பெரும்பாலும் சேதமில்லாமல் தப்பிவிடும்.

"கிளம்புற வரைக்கும் செல்ஃப் அடி"

தப்பிய பம்பைக் கொல்வது இந்த யோசனைதான். நீங்கள் செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் உலர்ந்த பம்பு மறுபடி சுற்றுகிறது. சரி, கிளம்பவாவது செய்யுமா? காற்றை அமுக்கினால் சுருங்குமே தவிர தேவையான அழுத்தம் ஏறாது. ரெயிலில் சுமார் 200 பார் வந்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். அதுவரை எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடாவதுதான் மிச்சம். நாலு பேர் சேர்ந்து தள்ளி கியரில் போட்டாலும் பம்புக்கு இதே கதிதான்.

பெட்ரோல் காரில் இந்தத் தொல்லை இல்லை. டேங்குக்குள் இருக்கும் மின்பம்பே குழாயை நிரப்பிவிடும். பெட்ரோல் ஊற்றினால் கிளம்பிப் பழகிய கை டீசல் காரிலும் அதையே எதிர்பார்க்கிறது.

"அரை லிட்டர் ஊத்துங்க, பங்க் வரைக்கும் போயிரலாம்"

போகாது. டேங்கின் அடி அகலமானது. கார் கொஞ்சம் சரிந்து நின்றாலே அரை லிட்டர் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் மறுபடி காற்றைத்தான் இழுக்கும். ஐந்து லிட்டராவது ஊற்றுங்கள். கிடைக்கிறதே என்று மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலக்காதீர்கள். டீசலுக்குள்ள வழவழப்பு இரண்டுக்கும் கிடையாது.

ஊற்றியவுடன் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். டேங்கில் மின்பம்பு உள்ள கார் என்றால் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிச் சற்றுப் பொறுத்து அணையுங்கள். இதைச் சில முறை செய்தால் குழாய் நிரம்பும். பழைய இன்னோவா போன்றவற்றில் ஃபில்டர் தலையிலேயே கைப்பம்பு இருக்கும். அழுத்த முடியாதபடி கெட்டியாகும் வரை அதை அழுத்த வேண்டும். பிறகுதான் செல்ஃப், அதுவும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், இடையே ஓய்வு கொடுங்கள். சில மாடல்களில் இது எதுவுமே எடுபடாது. ஸ்கேனரைச் செருகித்தான் பம்பை ஓடவிட முடியும். இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பாவிட்டால் இழுவை வண்டியைக் கூப்பிடுவதே மலிவு.

"நாஸில் பைப்பைக் கழட்டி ஏர் எடு"

காமன் ரெயிலில் இது கூடவே கூடாது. திடீரென அழுத்தம் ஏறினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்தியதுபோல் இருந்தாலும் அது உடனடி அறுவைச் சிகிச்சை கேட்கும் காயம்.

"ரிசர்வ்ல ஓட்டினா அடிக்கசடு ஏறும்"

உறிஞ்சும் குழாய் எப்போதும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. டேங்க் நிரம்பியிருந்தாலும் இழுப்பது அங்கிருந்துதான். ஆனாலும் டீசல் குறைந்தால் தளும்பல் கூடும், அடியில் தேங்கிய நீரும் தூசும் கலங்கும். பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

"மீட்டர் இன்னும் அறுபது கிலோமீட்டர் காட்டுது"

அந்த எண், இதுவரை நீங்கள் ஓட்டிய சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. நாமக்கல் சமவெளியில் காட்டிய அறுபது, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நிற்காது. மலையில் நின்றால் இன்னொரு வினை: என்ஜின் அணைந்ததும் பிரேக்கின் உதவி ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் பல கார்களில் இறுகும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மூச்சாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

உங்கள் காரில் காற்றை வெளியேற்றும் முறை எது என்பது காரோடு கொடுத்த கையேட்டில் இருக்கிறது. வண்டி நின்ற பிறகு இருட்டில் டார்ச் அடித்துத் தேடாமல், அந்தப் பக்கத்தை இந்த வாரமே ஒருமுறை படித்துவிடுங்கள்.