இரண்டு முகடுகள் ஒன்றாகும் விந்தை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

முன்னுரை

சென்ற பருவத்தில் நடந்த அகமதிப்பீட்டுத் தேர்வில் எனக்கு இரண்டு மதிப்பெண்கள் குறைந்தன. குறைந்த மதிப்பெண்கள் திரும்பி வரவில்லை. ஆனால் அவை ஏன் குறைந்தன என்று தேடிச் சென்றபோது நான் கற்றுக்கொண்டது, அந்த இரண்டு மதிப்பெண்களைவிடப் பெரியது. அதை என் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வினா இதுதான்: "டைமெத்தில் பார்மமைடின் புரோட்டான் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் எத்தனை முகடுகள் தோன்றும்?" நான் இரண்டு என்று எழுதினேன். காரணமும் எழுதினேன். கார்பனைல் கார்பனுடன் இணைந்த ஹைட்ரஜன் ஒன்று. அதற்கு ஒரு முகடு. நைட்ரஜனுடன் இணைந்த மெத்தில் தொகுதிகள் இரண்டு. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் தடையற்ற சுழற்சி உண்டு ஆதலால் ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே தன்மையன. அவற்றுக்கு ஒரு முகடு. ஆக இரண்டு.

என் பக்கத்து இருக்கை நண்பர் மூன்று என்று ஒரே சொல்லில் எழுதி முழு மதிப்பெண் பெற்றார். ஏன் மூன்று என்று கேட்டேன். "வழிகாட்டி நூலில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் சென்றேன். "ஐயா, ஒற்றைப் பிணைப்பு தடையின்றிச் சுழலும் என்று தாங்கள்தானே நடத்தினீர்கள்?" என்று கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. "விதி சரிதான். ஆனால் அது ஒற்றைப் பிணைப்பு என்று உனக்கு யார் சொன்னது? நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். போனேன்.

கருவி காண்பது என்ன?

ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டான் தற்சுழற்சி உடையது; ஆகையால் அது ஒரு சிறு காந்தம் போல் நடந்துகொள்கிறது. வலிய காந்தப்புலத்தில் வைத்தால் அது இரண்டு ஆற்றல் நிலைகளில் ஒன்றில் நிற்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாட்டுக்குச் சரியாகப் பொருந்தும் வானொலி அலையைச் செலுத்தினால், கீழ்நிலையில் உள்ள கரு அவ்வலையை உறிஞ்சி மேல்நிலைக்குத் தாவும். இதுவே அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. 1.41 டெஸ்லா புலத்தில் புரோட்டானுக்கு வேண்டிய அதிர்வெண் 60 மெகாஹெர்ட்ஸ் ஆகும். திரவங்களிலும் திண்மங்களிலும் இவ்விளைவைப் பர்செல், பிளாக் ஆகிய இருவரும் தனித்தனிக் குழுக்களாக ஆராய்ந்து கண்டனர். இதற்காக 1952-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

எல்லாப் புரோட்டான்களும் ஒரே அதிர்வெண்ணில் உறிஞ்சினால் வேதியியலாருக்கு இதனால் பயன் ஒன்றுமில்லை. கருவைச் சூழ்ந்த எலெக்ட்ரான்கள் புறக் காந்தப்புலத்தைச் சிறிதளவு மறைக்கின்றன. சூழல் மாறினால் மறைப்பின் அளவும் மாறும். உறிஞ்சும் அதிர்வெண்ணும் மாறும். இதனை வேதி இடப்பெயர்ச்சி என்கிறோம். 1951-இல் ஆர்னால்டு, தர்மட்டி, பாக்கார்டு ஆகிய மூவரும் எத்தில் ஆல்கஹாலின் மூன்று வகை ஹைட்ரஜன்களும் மூன்று தனி முகடுகளைத் தருவதைக் காட்டினர். அம்முகடுகளின் பரப்பு 3 : 2 : 1 என்ற விகிதத்தில் இருந்தது, மெத்தில், மெத்திலீன், ஹைட்ராக்சில் ஆகியவற்றின் ஹைட்ரஜன் எண்ணிக்கையும் அதுவே. இம்மூவருள் தர்மட்டி இந்தியர். பின்னாளில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தவர் அவர். நம் நாட்டவர் ஒருவர் கைபட்ட நிறமாலையையே நாம் முதல் பாடமாகப் படிக்கிறோம் என்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

தறியும் நாடாவும்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதலாவது. என் தந்தையார் குழித்தறி நெய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு அருகில் அமர்ந்து இந்த நிறமாலையைத் தாளில் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன். என்னவென்று கேட்டார். "ஒரு பொருள் இரண்டு இடத்துக்கு மாறி மாறிப் போகுதுப்பா. வேகமாப் போனா ஒரு கோடுதான் தெரியுது. அது நிஜமாவே ஒரு இடமா, ரெண்டு இடமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன். அவர் கையிலிருந்த கயிற்றை இழுத்தார். நாடா இடப்புறப் பெட்டியிலிருந்து வலப்புறப் பெட்டிக்கு ஓடியது. "உங்க மாமா வீட்டு விசைத்தறியில நாடா எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியணும்னா ஓட்டத்தைக் குறைச்சுப் பாரு தம்பி. இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா?" என்றார்.

நூலகத்தில் நான் அதுவரை புரட்டிய பக்கங்களின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் குறைக்கும் வழி, குளிர்வித்தல். ஓட்டத்தைக் கூட்டும் வழி, சூடாக்கல்.

உவமை இதற்கு மேல் செல்லாது. விரைந்தோடும் நாடா கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். ஆனால் விரைந்து இடம் மாறும் புரோட்டான், இரண்டு இடங்களுக்கும் சராசரியான அதிர்வெண்ணில் ஒரே கூரிய முகட்டைத் தரும். ஏமாற்றம் நேர்வது இங்கேதான். முகடு கூர்மையாக இருப்பதால் அது ஓர் உண்மையான இடம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு வேகம் 'வேகம்' ஆகும்? இரண்டு இடங்களின் அதிர்வெண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடே அதற்கு அளவுகோல். நொடிக்கு 9 அதிர்வுகள் மட்டுமே வேறுபடும் இரண்டு ஒலிகளைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு நொடியாவது கேட்க வேண்டும். அதற்குள் ஒன்று மற்றொன்றாக மாறிவிட்டால் பிரித்தறிய இயலாது. இரு இடங்களிலும் சம எண்ணிக்கையில் கருக்கள் இருக்குமானால், இரண்டு முகடுகளும் ஒன்றாகக் கலக்கும் கட்டத்தில் மாற்ற வேகமாறிலி, அதிர்வெண் வேறுபாட்டைப் போல் சுமார் 2.22 மடங்கு என்று கணக்கிட்டுள்ளனர்.

டைமெத்தில் பார்மமைடு

இனி என் தேர்வு வினாவுக்கு வருவோம். இம்மூலக்கூறில் நைட்ரஜனிடம் உள்ள தனி எலெக்ட்ரான் இணை அங்கேயே நிற்பதில்லை. கார்பனைல் தொகுதியை நோக்கிப் பரவுகிறது. ஆகவே, நாம் ஒரு கோடாக வரையும் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு ஓரளவு இரட்டைப் பிணைப்பின் தன்மை உடையது. இதனால் அப்பகுதி தட்டையாக நிற்கிறது. ஒரு மெத்தில் தொகுதி ஆக்சிஜன் இருக்கும் பக்கத்திலும், மற்றொன்று ஹைட்ரஜன் இருக்கும் பக்கத்திலும் அமைகின்றன. இரண்டின் சூழலும் வேறு, முகடும் வேறு. பார்மைல் ஹைட்ரஜனின் முகட்டையும் சேர்த்தால் மூன்று.

சூடாக்கினால் என்ன ஆகும்? இரண்டு மெத்தில் முகடுகளும் அகன்று, ஒன்றையொன்று நெருங்கி, 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு மேல் சூடாக்கினால் அந்த ஒரே முகடு கூர்மை அடையும். இரண்டு முகடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 9 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், கலக்கும் கட்டத்தில் வேகமாறிலி நொடிக்கு 20 ஆகும். இதிலிருந்து சுழற்சிக்கான ஆற்றல் தடையை நானே தாளில் கணக்கிட்டேன். மோலுக்குச் சுமார் 21 கிலோ கலோரி வந்தது. நூலில் கொடுத்திருந்ததும் அதுவே. ஈத்தேனில் உள்ள கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் சுழற்சித் தடை சுமார் 3 கிலோ கலோரி மட்டுமே. ஏழு மடங்கு! நான் 'தடையற்ற சுழற்சி' என்று எழுதிய அந்தப் பிணைப்பு, அறை வெப்பநிலையில் பல நிமிடங்களுக்கு ஒரு முறைதான் திரும்புகிறது.

இவ்வகை அமைடுகளின் சுழற்சி வேகத்தை இம்முறையில் அளந்து 1956-இல் வெளியிட்டவர்கள் கட்டோவ்ஸ்கி, ஹோம் என்போர். அவர்கள் முதலில் கண்ட ஆற்றல் மதிப்பு குறைவாக இருந்தது; பின்வந்தவர்கள் நுட்பமாக அளந்து திருத்தினர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இதே மூலக்கூறை 300 மெகாஹெர்ட்ஸ் கருவியில் வைத்தால் முகடுகளின் இடைவெளி 45 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஆகவே 120 டிகிரியில் முதற் கருவி ஒரு முகட்டைக் காட்ட, இரண்டாவது கருவி அகன்ற இரண்டு முகடுகளைக் காட்டும். மூலக்கூறு மாறவில்லை, நாம் பார்க்கும் கருவிதான் மாறியது.

நாற்காலி புரளுகிறது

சைக்ளோஹெக்சேன் இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு. அறை வெப்பநிலையில் அதன் 12 ஹைட்ரஜன்களும் சேர்ந்து ஒரே முகடு தருகின்றன. ஆனால் அது நாற்காலி வடிவம் உடையது என்று படிக்கிறோம். அவ்வடிவத்தில் 6 ஹைட்ரஜன்கள் அச்சு நிலையிலும், 6 ஹைட்ரஜன்கள் நடுவரை நிலையிலும் இருக்க வேண்டும். அப்படியானால் பாடநூல் தவறா?

பாடநூல் தவறில்லை. ஒரு நாற்காலி வடிவம் புரண்டு மற்றொரு நாற்காலி வடிவம் ஆகும்போது, அச்சு நிலையில் இருந்தவை நடுவரை நிலைக்கும், நடுவரை நிலையில் இருந்தவை அச்சு நிலைக்கும் மாறிவிடுகின்றன. அறை வெப்பநிலையில் இது நொடிக்கு ஒரு லட்சம் முறை என்ற அளவில் நிகழ்கிறது. குளிர்வித்துக்கொண்டே போனால் சுமார் –60 டிகிரியில் முகடு அகன்று பிளக்கத் தொடங்கி, –90 டிகிரி அளவில் தெளிவாக இரண்டாகிறது. அண்டை ஹைட்ரஜன்களால் முகடுகள் சிக்கலாகாமல் இருக்க, 12 ஹைட்ரஜன்களில் 11-ஐ டியூட்டிரியமாக மாற்றிய சேர்மத்தைக் கொண்டு இதைத் துல்லியமாக அளந்தனர். புரள்வதற்கான தடை மோலுக்குச் சுமார் 10 கிலோ கலோரி.

அணுவே இடம் மாறும்போது

மேற்கண்ட இரண்டிலும் பிணைப்பு எதுவும் அறுபடவில்லை. எத்தில் ஆல்கஹாலில் அதுவும் நிகழ்கிறது. நீரும் அமிலமும் அறவே நீக்கிய தூய ஆல்கஹாலில், ஹைட்ராக்சில் முகடு மூன்றாகப் பிளந்திருக்கும். அருகிலுள்ள மெத்திலீன் தொகுதியின் இரண்டு ஹைட்ரஜன்களே இதற்குக் காரணம். இம்மியளவு அமிலம் சேர்ந்தாலும் போதும். ஹைட்ராக்சில் ஹைட்ரஜன்கள் ஒரு மூலக்கூறை விட்டு மற்றொன்றுக்கு விரைந்து தாவத் தொடங்கும். அண்டையில் இருப்பது யார் என்று அறியும் முன்பே இடம் மாறிவிடுவதால் பிளவு மறைந்து ஒற்றை முகடாகிவிடும். சில துளி கனநீர் சேர்த்தால் அந்த முகடே மறைந்துபோகும். ஹைட்ராக்சில் தொகுதியை அடையாளம் காண இது எளிய சோதனை.

இதனால் ஆய பயன்

இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் உடலிலுள்ள புரதங்கள் அனைத்தும் அமினோ அமிலங்கள் அமைடுப் பிணைப்பால் கோக்கப்பட்ட சங்கிலிகளே. அப்பிணைப்பு டைமெத்தில் பார்மமைடில் உள்ளதைப் போலவே தட்டையானது, எளிதில் திரும்பாதது. 1951-இல் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் புரதத்தின் ஆல்பா சுருள் வடிவத்தை முன்வைத்தபோது இத்தட்டைத் தன்மையை அடிப்படையாகக் கொண்டனர். அமைடுப் பிணைப்பு தடையின்றிச் சுழலுமானால் புரதங்கள் இன்றுள்ளபடி வடிவம் பெற்று நிற்பது அரிது. கரைசலில் உள்ள புரதங்களின் வடிவத்தை இதே ஒத்ததிர்வு முறையால் காணும் வழியை வகுத்த வூத்ரிச், 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மருத்துவமனைகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமும், நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள புரோட்டான்களின் இதே ஒத்ததிர்வால் கிடைப்பதுதான்.

முடிவுரை

எங்கள் கல்லூரியில் இக்கருவி இல்லை. திரவ ஹீலியத்தில் –269 டிகிரிக்குக் குளிர்வித்த மீகடத்தும் காந்தத்தோடு நிற்கும் அதனை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எனினும் அச்சிட்ட ஒரு நிறமாலையும், ஓர் அளவுகோலும், ஒரு தாளும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறு எத்தனை நொடிக்கு ஒரு முறை திரும்புகிறது என்று கணக்கிட முடிந்தது.

நண்பர்களே, ஒரே முகடு தெரிந்தால் எல்லா ஹைட்ரஜன்களும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த வெப்பநிலையில், எந்தக் கருவியில் என்று கேளுங்கள். தாளில் நாம் இழுக்கும் ஒற்றைக் கோடு பிணைப்புக்கு நாம் இட்ட அடையாளமே தவிர, பிணைப்பு அன்று. நண்பர் எழுதிய மூன்று என்ற விடை சரியானது. நான் எழுதிய இரண்டு தவறானது. ஆனால் இன்று எங்கள் இருவருக்கும் ஏன் மூன்று என்பது தெரியும். ஒரு மாலை முழுவதும் விடுதி வராந்தாவில் அமர்ந்து அவருக்கு இதை விளக்கினேன். 'ஓட்டத்தைக் குறைத்துப் பார்' என்று என் தந்தையார் சொன்னதையும் மறக்காமல் சொன்னேன்.