ஈரல் கெட்டால் மூளை ஏன் மயங்குகிறது?



குளுவாங் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பெரட்டுக்கு முன்பே ஓர் அம்மா வந்து கதவைத் தட்டினார். "ஐயா, எங்க வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு. பேச்சும் ஒரு மாதிரியா இருக்கு. மந்திரிச்சுத் தாயத்தும் கட்டியாச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். சம்சுவை விட்டு இரண்டு மாதமாகி விட்டது. வயிறு பானை போல வீங்கியிருந்தது. கை கால்கள் குச்சி. கைகளை நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னால், கோழி இறகடிப்பது போல மணிக்கட்டு படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தது. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையாம்.

அது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. ரத்தத்தில் அமோனியா ஏறிவிட்டது.

அமோனியாவை நமக்குத் தெரியாதா? பால்மரம் சீவிய காலத்தில், பால் கட்டிப் போகாமலிருக்க ஊற்றுவார்களே, மூக்கைத் துளைக்கும் அதே சரக்குதான். மீன், முட்டை, பருப்பு என்று நாம் சாப்பிடும் புரதம் சிதையும்போது உடம்புக்குள்ளேயும் அது உண்டாகிறது. குடலில் இருக்கும் கிருமிகளும் தங்கள் பங்குக்கு உண்டாக்குகின்றன. நல்ல ஈரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை 1932-இல் ஜெர்மனியில் கிரெப்ஸ், ஹென்செலைட் என்ற இருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

ஈரலுக்கு ஒரு துணையாள் உண்டு. அதுதான் சதை. சதையில் குளுட்டமிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் காலி லாரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் அமோனியாவை ஏற்றினால் குளுட்டமின் ஆகிவிடும். ரத்தத்தில் ஓடும் அமினோ அமிலங்களில் இந்தக் குளுட்டமின்தான் மிக அதிகம். குடலின் உட்சுவருக்கு இதுதான் எரிபொருள். சிறுநீரகமும் இதை இறக்கி, அமோனியாவில் ஒரு பங்கை வெளியேற்றுகிறது. (சமையலில் போடும் அஜினோமோட்டோ, குளுட்டமிக் அமிலத்தின் உப்பு. அதைத் தின்றதால் இந்த நோய் வருவதில்லை. குழப்பிக் கொள்ள வேண்டாம்.)

மூளைக்கு யூரியா செய்யத் தெரியாது. வந்து சேரும் அமோனியாவை அங்குள்ள நட்சத்திர வடிவ அணுக்கள் குளுட்டமினாக மாற்றுகின்றன. அளவு மீறினால், ஏற்றிய லாரிகள் வாசலிலேயே தேங்கி நிற்பது போலக் குளுட்டமின் உள்ளேயே தேங்கி, தண்ணீரை இழுத்து, அணு வீங்குகிறது. அதனால்தான் தூக்கம் தலைகீழாகிறது, பேச்சுக் குழறுகிறது. கவனிக்காவிட்டால் நினைவே தப்பிவிடும்.

இப்போது நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்டவர்களிடம், "முட்டை, மீன், பருப்பு எல்லாம் நிறுத்துங்க, வெறுங்கஞ்சி போதும்" என்று சொன்னவன்தான் நான். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பட்டினி போட்டால் சதை கரையும். சதை கரைந்தால் ஈரலின் துணையாளும் போய்விடுவான். இன்றைய கணக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, தயிர், பால் நன்றாக ஒத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். படுக்கப் போகும்முன் ஏதாவது சாப்பிட வேண்டும். நெடுநேர வெறும்வயிறு ஆகாது.

டவுன் கடைகளில் தேகப்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்காக டப்பாவில் குளுட்டமின் தூள் விற்கிறார்கள். "உடம்பு தேறும்" என்று பிள்ளைகள் அதை அப்பாவுக்குக் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஈரல் கெட்டவருக்கு அதுவே அமோனியாவை ஏற்றிவிடும்.

மலச்சிக்கல், காய்ச்சல், வாந்தி பேதி, தூக்க மாத்திரை, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு: இவைதான் பெரும்பாலும் மயக்கத்தைக் கிளப்பி விடுபவை. மலம் தார் போலக் கருப்பாகப் போனாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். புதிதாகக் குழப்பம் வந்தாலும் அப்படியே. சர்க்கரை குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும். வீட்டில் இருந்துகொண்டு பிரித்தறிய முடியாது. லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்து கொடுப்பார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். "பேதி ஆகுது" என்று பலர் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி மயங்கி விழுகிறார்கள். அளவுக்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லிக் குறைத்துக் கொள்ளலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது.

சம்சு குடிப்பவருக்கு மட்டும்தான் ஈரல் கெடும் என்பதில்லை. ஹெப்படைடிஸ் பி கிருமியும், நீரிழிவோடு வரும் கொழுப்பு ஈரலும் கெடுக்கும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி ஊசி 1989 முதல்தான் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அந்த வீட்டுக்காரர் பத்து நாளில் நடந்து வீடு வந்தார். அந்த அம்மாவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். தினமும் காலையில் அவர் தன் பெயரையும் தேதியையும் அதில் எழுத வேண்டும். எழுத்து கோணலாகத் தொடங்கினால், பேச்சுக் குழறும்வரை காத்திருக்காமல் அன்றே அழைத்து வரும்படி சொன்னேன். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் எழுதச் சொல்லுங்கள். கிளினிக்குக்கு வரும்போது நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.