முதல் பட்டதாரியிடம் ஊர் கேட்கும்போது

ஒரு தெருவில் யாரோ ஒருவர் முதலில் கல்லூரி முடித்துவிட்டால் போதும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அவர் வீட்டு வாசலில் நாலு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடக்கும். "தம்பி, நீதான் படிச்ச புள்ள. இவள என்ன படிக்க வைக்கலாம், சொல்லு" என்று வந்து உட்கார்வார்கள். அவர்களுக்கு அருகில் இருக்கும் ஒரே உதாரணம் நீங்கள்தான். நீங்கள் பாதி நினைவில் சொன்னதைக்கூட முடிவாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பேச உட்காரும் முன் கொஞ்சம் வேலை இருக்கிறது.

உங்கள் அனுபவத்தில் காலாவதியானதைத் தனியே எடுத்து வையுங்கள். 2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னைக்கு பஸ் ஏறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வாசலில் காத்திருந்தோம். 2018 முதல் அது ஆன்லைன். நாம் 1200-க்கு வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் இன்றைய பிள்ளை விழிக்கும். 2019 தேர்வு முதல் மொத்தமே 600. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும் பொறியியலில் 2021-லும் வந்தது. அதற்கு முன் படித்தவர்களின் அனுபவத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே விதி, கட்டணம், கடைசித் தேதி எதையும் நினைவிலிருந்து சொல்லாதீர்கள். அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டைத் திறந்து, பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் பாடம் நடந்த முதல் வாரம், மாதக் கடைசியில் மெஸ் பணம் கட்ட முடியாமல் திரிந்தது, சந்தேகத்தை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டது: இவையெல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் கொடுக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

அதற்கும் முன்னால் கேளுங்கள். பிள்ளையிடம் தனியாக ஒருமுறை, வீட்டாரோடு ஒருமுறை. "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "தெரியல அண்ணா" என்றுதான் வரும். "எந்தப் பாடத்த ராத்திரி கடைசியா எடுப்ப? எதத் தள்ளிப்போடுவ?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள். மாதா மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்ற கணக்கு அநேகமாக அவரிடம்தான் இருக்கும். அப்பா கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லலாம். உங்கள் எதிரே தொகையைச் சொல்லச் சங்கடப்பட்டால் வற்புறுத்தாதீர்கள். வகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: விடுதி, மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம், லேப் ரெக்கார்டு, செல்போன் ரீசார்ஜ்.

கதையைச் சொல்லும்போது ஒன்றில் கவனம் வேண்டும். "நானே தெருவிளக்குல படிச்சேன், உனக்கென்ன குறை?" என்ற பேச்சு ஊக்கம் போலத் தோன்றும், கேட்கும் பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை. அதற்குப் பதிலாக ஒரு சிக்கலை எடுத்து, அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைச் சில்லறை விவரங்களோடு சொல்லுங்கள். முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழுந்ததா? வீட்டில் எப்போது சொன்னீர்கள், எந்த சீனியரின் நோட்டை வாங்கினீர்கள், மறுபடி எழுதப் பணம் எங்கிருந்து வந்தது. அரியர் என்றால் படிப்பே முடிந்தது என்று நினைத்து ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. அடுத்த தேர்வில் எழுதித் தேறலாம் என்ற ஒற்றைத் தகவலுக்கு அங்கே ஏகப்பட்ட மதிப்பு. உங்களுக்கே இன்னும் ஆறாத காயத்தைத் தொடாதீர்கள். நீங்கள் கண்கலங்கினால் பிள்ளை உங்களைத் தேற்றிக்கொண்டிருக்கும், வந்த வேலை நின்றுபோகும்.

சான்றிதழ் வேலையை ரிசல்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கட்டணம் கட்டும் நாளில் வீடு நொறுங்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல்முறை மையத்துக்கு நீங்கள் கூடப் போங்கள். அடுத்த முறை பிள்ளையைத் தனியாக அனுப்புங்கள். கவுன்டரில் நின்று பேசப் பழகுவதும் இந்தப் படிப்பில் ஒரு பகுதிதான்.

கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போது உங்கள் கை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் படித்து நன்றாக இருப்பவர் மெக்கானிக்கல் என்பார், படித்துவிட்டு வேலைக்கு அலைந்தவர் அந்தப் பக்கமே போகாதே என்பார். இருவரும் தங்கள் கதையைத்தான் பேசுகிறார்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஆகவே "இது எங்க நமக்குக் கிடைக்கும்" என்று விரும்பிய கல்லூரியை விட்டுவிடாமல், விருப்ப வரிசைப்படியே அடுக்கச் சொல்லுங்கள். பதிவு செய்யும் செல்போன் எண் பிள்ளையுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்காரருடையதாக வேண்டாம். கடவுச்சொல் உங்களிடமும் வேண்டாம்.

சேர்க்கை முடிந்ததும் பலர் கையைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து, அனுபவம் உண்மையில் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். முதல் மாதம், முதல் இன்டர்னல் தேர்வு, முதல் செமஸ்டர் ரிசல்ட் ஆகிய மூன்று சமயங்களில் நீங்களே கூப்பிடுங்கள். "நல்லா இருக்கியா?" என்றால் "இருக்கேண்ணா" என்று முடித்துவிடும். "சாப்பாடு எப்படி? எந்த வகுப்புல தூக்கம் வருது? ரூம்ல யார் யாரு?" என்று கேட்டால் பேச்சு வரும். தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்பது போல ஒரு சொல் வந்தால் உங்கள் கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் வீட்டாருக்குச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துப் பேச வையுங்கள்.

பெண்பிள்ளை என்றால் வீட்டாருக்குத் தெரிந்தே பேசுங்கள்; முடிந்தால் ஊரில் படித்த ஓர் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் அவள் சந்திக்கும் பல சங்கடங்களை ஓர் அண்ணனிடம் சொல்ல மாட்டாள். கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை மட்டும் கொடுங்கள். கணக்குப் பாக்கி இருக்கிற பிள்ளை போனை எடுக்காது.

நீங்கள் வழிகாட்டிய பெண் இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் அடுத்த பிளஸ் டூ பிள்ளையின் எண்ணை அவளிடம் கொடுத்துவிடலாம். போன வருடக் கலந்தாய்வை முடித்தவள் என்பதால் உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.